மூக்கக்காவின் சாட்சியம்

கடைசி வரிசையில் ஒருவன் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து ஆசையாகத் தடவிவிட்டு உள்ளே வைத்தாலே போதும், முன்வாசலில் நிற்கும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். மூக்கு அக்கா என்று ஆரம்பித்து, அவசரத்தில் சொல்லிச் சொல்லி மூக்கக்கா ஆகிவிட்டது. விமானத்தில் அவள்தான் தலைமைப் பணிப்பெண். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளுடைய உண்மையான பெயர் தெரியச் சில மாதங்கள் ஆகும். சிலருக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அவள் இருபத்தோரு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, விமானத்தின் கடைசி ஆறு வரிசைகள் புகைப்பவர்களுக்கு. நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. இருபத்தைந்தாம் வரிசைக்காரர் குழந்தையின் முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டிருப்பார், இருபத்தாறாம் வரிசைக்காரர் சட்டப்படி ஊதிக்கொண்டிருப்பார். புகைக்கு என்ன, வரிசை எண்ணா தெரியும்? வீட்டுக்குப் போனால் தலைமுடியை மூன்று தடவை அலசினாலும் நாற்றம் போகாது. பயணிகள் மட்டுமா? உணவு கொடுத்து முடித்ததும் ஊழியர்கள் வால்பக்கத்துச் சின்ன அடுக்களையில் திரையை இழுத்துவிட்டுப் பற்றவைப்பார்கள். விமானி அறைக்குள் காபி கொண்டுபோனால் மூடுபனிக்குள் நுழைவது போலிருக்கும்.

பிறகு தடை வந்தது. முதலில் சின்னப் பயணங்களுக்கு, கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும். பயணிகளுக்கு அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊழியர்களிடம் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சட்டத்தை அவளே இயற்றியதுபோல் பயணிகள் அவளிடம் சண்டை போட்டார்கள். அவளும் அப்படித்தான் நடந்துகொண்டாள்.

ஒரு தடவை ஒருவர் கழிவறையில் புகைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவி, பல் தேய்த்து, சென்ட் அடித்துக்கொண்டு மாப்பிள்ளை போல வெளியே வந்தார். இவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "சோப்பு சரி, பேஸ்ட் சரி, சென்டும் நல்ல சென்ட்தான். நாலாவதா ஒண்ணு இருக்கே சார்" என்றாள். அவர் வாயைத் திறக்காமல் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கதையை ஒவ்வொருவரும் தாங்களே நேரில் பார்த்ததுபோல் சொல்வார்கள்.

இப்படிப் பிடித்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'எப்படித் தெரியவந்தது' என்று ஒரு கட்டம். மற்றவர்கள் அலாரம், சாம்பல், துண்டு சிகரெட் என்று ஏதேதோ எழுதுவார்கள். அவள் 'வாசனை' என்று ஒரே சொல்லை எழுதி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவாள். தரையில் இருக்கிற அதிகாரிகள் அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை.

ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கும்போது அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒரு காலை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் படுக்கையறையிலிருந்து இருமிக்கொண்டே ஓடி வந்தார். பால் பாத்திரம் அடி கரிந்து கன்னங்கரேலென்று கிடந்தது.

"வீடே புகையுது, நீ பேப்பர் படிச்சிட்டு நிக்கிற?"

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். சூடு தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை.

மருத்துவர், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்ப்பவர், எதையும் நேராகச் சொல்கிறவர். வருடாந்திரப் பரிசோதனையில் கண் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிக்கூடப் பார்ப்பார்கள், மூக்குக்கு எவன் பரீட்சை வைக்கிறான் என்று கேட்டார். அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஓட்டை நன்றாகத்தான் இருந்தது.

தெரிந்தால் தரையிறக்கிவிடுவார்கள். புகையையும் கருகலையும் உணர முடியாத ஒருத்தியை நூற்றெண்பது உயிர்களோடு வானத்தில் விட மாட்டார்கள், விடவும் கூடாது. அது அவளுக்கே தெரியும். ஆனால் கால் தரையில் பதிய அவள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. இன்னும் ஐந்து வருடம்தானே, ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

மூக்கு போன இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. யார் சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று யார் இரண்டு தடவை கேட்கிறார்கள், கழிவறைக்குப் போகும்போது யார் கோட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள், வெளியே வந்ததும் யார் முதலில் அவளைப் பார்க்கிறார்கள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது அவள் தட்டைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பாள். வாசல் அருகே சிரித்தபடி வணக்கம் சொல்லும்போதே நாலு பேரை மனதுக்குள் ஒதுக்கி வைத்துவிடுவாள். கடைசியில் வீட்டுக்கு வந்த மின் பழுது பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், சொந்தத் தம்பி என்று யாரைப் பார்த்தாலும் இவர் எதை மறைக்கிறார் என்றுதான் தோன்றியது.

இந்த வழியில் இரண்டு வருடத்தில் இரண்டு பேரைப் பிடித்தாள். ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் கடைசிவரை இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு காவலர்களோடு போனார். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை கதை என்று அப்போது சமாதானம் செய்துகொண்டாள். இரண்டு படிவத்திலும் 'வாசனை' என்றுதான் எழுதினாள்.

அன்றைக்கு ஆறு மணி நேரப் பகல் பயணம். பின்பகுதியில் அவளோடு இரண்டு பேர். ஒருத்தி சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண். எல்லோரும் புதுசு என்று கூப்பிட்டார்கள். இன்னொருவன் பத்து வருட அனுபவசாலி. உணவு வண்டியை இடைவழியில் அவன் தள்ளுகிற வேகத்துக்கு முழங்கையை நீட்டி உட்கார்ந்தவர்கள் பாவம், அதனால் அவனுக்கு டிராலி என்று பெயர்.

புதுசுக்கு எல்லாவற்றிலும் கேள்வி. கழிவறைக் கதவில் புகைக்காதே என்று எழுதிவிட்டு அதற்குக் கீழேயே சாம்பல் கிண்ணம் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். எவனாவது மீறினால் துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுத் தீ வைத்துவிடாமல் இருக்கத்தான் என்றாள் மூக்கக்கா. "சட்டம் போட்டவனே மனுஷனை நம்பலடி, நாம எதுக்கு நம்பணும்?"

அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறையை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் மணி நேரத்தில் புதுசு எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவியை யாரோ மூடிக் கட்டியிருந்தார்கள். திருட்டுத்தனமாகப் புகைக்கிற பயணிகள் வழக்கமாக ஒட்டும் ஈரக் காகிதம் அல்ல. உணவு பரிமாறும்போது ஊழியர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய உறை. கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் நகக்கண் அளவு சாம்பல்.

"நீங்க உள்ள போய்ப் பாருங்கக்கா" என்றாள் புதுசு. உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

மூக்கக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீளமாக மூச்சை இழுத்தாள். வெறும் குளிர்ந்த காற்று. வழக்கம்போல் பத்து எண்ணிவிட்டு வெளியே வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வரிசைகளைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே ஒருவரை ஒதுக்கி வைத்திருந்தாள். இருபத்தேழாம் வரிசை, ஓரத்து இருக்கை. ஐம்பதைத் தாண்டியவர். மூன்று மணி நேரத்தில் நாலு தடவை கழிவறைக்குப் போனார். நாலு தடவையும் கோட்டை மடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையுறையை வண்டியிலிருந்து உருவியிருப்பார் என்று தோன்றியது. உருவுகிறவர்கள் எதைத்தான் உருவுவதில்லை?

தண்ணீர் கொடுக்கும் சாக்கில் அவரிடம் குனிந்தாள். அவர் கோட்டை இறுக்கிப் பிடித்தார். அது போதுமாக இருந்தது. தொலைபேசியில் கேப்டனிடம் சொன்னாள். உறுதியா என்று அவர் கேட்டார். மூக்கு சொல்கிறது சார் என்றாள். கேப்டன் கீழே தகவல் கொடுத்துவிட்டார். இறங்கியதும் காவலர்கள் வாசலில் நிற்பார்கள்.

இருபத்தேழாம் வரிசைக்காரரிடம் அவள்தான் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "நான் அந்தக் கருமத்தைத் தொட்டதே இல்லம்மா" என்றார், அடுத்த இருக்கைக்காரருக்குக் கேட்காத குரலில். அப்படியென்றால் ஏன் இத்தனை தடவை போனீர்கள் என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்பதுபோல் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுக்களைக்குத் திரும்பியபோது புதுசு கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகில் ஒரு விறைப்பு இருந்தது. டிராலி முன்பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு நெஜமாவே தெரியலையா? இல்ல, தெரியாத மாதிரி இருக்கீங்களா?"

"எது?"

"டிராலி அண்ணன் சட்டை. அவ்வளவு நாத்தம் அடிக்குது. அவரோட தோளோடு தோள் நின்னுதானே நீங்க ஜூஸ் ஊத்துனீங்க?"

மூக்கக்கா ஜூஸ் குடுவையைக் கையில் எடுத்தாள்.

"எனக்கே வருதுன்னா உங்களுக்கு வராம இருக்குமா? அந்த உறை நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. கூட வேலை பாக்குறவரைக் காப்பாத்தணும்னு ஒரு அப்பாவியைப் பிடிச்சுக் குடுக்குறீங்க. நான் புதுசுதான், ஆனா பச்சப்புள்ள இல்லக்கா."

யாரையும் நம்பாமல் இரண்டு வருடம் நடமாடியவளுக்கு, தன்னை ஒருவர் அப்படிப் பார்க்கும்போது எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அக்காவின் மூக்கு உயிரோடு இருக்கிறது என்று நம்பினால் வேறெந்த முடிவுக்கும் வர முடியாது.

டிராலி திரும்பி வந்தான். அவள் வேண்டுமென்றே அவனுக்கு மிக அருகில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவன் புதினா மிட்டாயை மென்றுகொண்டிருந்தான். புதுசு வெளியே போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன்க்கா. உங்க முன்னாடி வந்து நின்னப்பவே செத்தேன்னு நெனச்சேன். ஒரே ஒண்ணுதான், வீட்ல கொஞ்சம் பிரச்சனை, தலை வெடிச்சிரும் போல இருந்துச்சு. இனிமே சத்தியமா இல்ல."

அவள் கையிலிருந்த குடுவையை மேடைமேல் வைத்தாள். இவன் நன்றி சொல்கிறான், புதுசு சந்தேகப்படுகிறாள், இருபத்தேழாம் வரிசைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மூன்றுக்கும் காரணம் அந்தச் செத்த மூக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓய்வு பெறும்வரை அது உயிரோடுதான் இருக்கும்.

இறங்க ஐம்பது நிமிடம் இருந்தது. அவள் மறுபடி இருபத்தேழாம் வரிசைக்குப் போய், இடைவழியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள். அவர் நம்பவில்லை. இதுவும் ஏதோ விசாரணை உத்தி என்று நினைத்தாரோ என்னவோ, அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோட்டை ஒரு விரல் அளவு நகர்த்தினார். காற்சட்டையின் முன்பக்கம் நனைந்து கறுத்திருந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தான்மா. தும்முனாக்கூட நிக்க மாட்டேங்குது. இத்தனை பேருக்கு நடுவுல இதைச் சொல்றதுக்கு, போலீஸோட போறதே மேல்னு நெனச்சேன்."

அவள் ஒரு போர்வையைக் கொண்டுவந்து கொடுத்து, கழிவறையை ஒட்டிய கடைசி வரிசைக்கு அவரை மாற்றி உட்கார வைத்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

பயணி இல்லை, நம் ஆள் என்று கேப்டனிடம் சொன்னாள். "உங்க மூக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மாத்திச் சொல்லுமா மேடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் அதே சந்தேகம்.

"மூக்கு ஒண்ணும் சொல்லல சார். அது போய் ரெண்டு வருஷம் ஆச்சு. புதுப் பொண்ணுதான் கண்டுபிடிச்சது. அவனும் என்கிட்ட ஒத்துக்கிட்டான்."

கீழே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் வைத்துவிட்டார்.

கீழே போனதும் காவலர்கள் இருபத்தேழாம் வரிசைக்காரரைப் போகவிட்டார்கள். டிராலி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் புகைத்திருந்தால் அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா, பக்கத்திலேயே நின்றார்களே, அப்போதே சொல்லியிருப்பார்களே என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அவளுடைய மூக்குத்தான்.

விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இவ்வளவு வருடமாக இந்த மூக்கை நம்பி எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்றார். இப்போது அவனைக் காப்பாற்றப் பார்த்து முடியாமல் போனதும் மூக்கே இல்லை என்கிறீர்களா என்று கேட்டார். "சரி, இல்லைன்னே வச்சுக்குவோம். எந்தத் தேதியில இருந்து உங்க சாட்சியை நான் நம்பக்கூடாது?"

அவள் சொன்னாள். காய்ச்சல் வந்த மாதத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு பிடித்த இரண்டு பேரையும் சொன்னாள். ஒருவர் ஒத்துக்கொண்டவர். மற்றவர் ஒத்துக்கொள்ளாதவர், அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், அதில் வாசனை என்று எழுதியது பொய் என்றாள். அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். ஆனால் முகம் மாறவில்லை. ஒரு பொய்யை மறைக்க இன்னும் இரண்டு பொய் சொல்கிற ஆட்களை அவர் பார்த்திருப்பார்.

கம்பெனி மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் மேசைமேல் ஐந்து சின்னப் புட்டிகள் வைத்திருந்தார். கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார். முதலாவது, தெரியவில்லை. இரண்டாவது, தெரியவில்லை. தெரியவில்லை என்பதைச் சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடிப்பு மாதிரிக் கேட்டது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சொல்லக்கூடிய சொல் அது. தனக்கு ஒன்று இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? மருத்துவரின் நாற்காலி கிறீச்சிட்டது. அவரும் நம்பவில்லை என்று தோன்றியது. நான்காவதும் தெரியவில்லை.

ஐந்தாவது புட்டி வந்ததும் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கட்டுக்கு அடியில் கண்ணீர் கொட்டியது.

"என்ன வாசனை?"

"வாசனை தெரியல டாக்டர். ஆனா ஊசியால குத்துன மாதிரி எரியுது."

மருத்துவர் கட்டை அவிழ்த்துவிட்டார். அது அம்மோனியா என்றார். வாசனை போனவர்களுக்கும் அந்த எரிச்சல் மட்டும் தெரியும், அது வேறு நரம்பு. நடிக்கிறவர்களுக்கு இது தெரியாது, ஐந்துக்கும் ஒரேமாதிரி இல்லை, இல்லை என்று சாதித்து மாட்டிக்கொள்வார்கள். "நீங்க பொய் சொல்லல" என்றார். அன்றைக்கு முழுவதும் அவளை நம்பிய முதல் ஆள் அவர்தான். நம்பியதை அப்படியே எழுதி, கீழே பறக்கத் தகுதியில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டிராலிக்கு வேலை போயிற்று. அவளை எழுத்துமூலம் கண்டித்து, தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் பெட்டியை அவளே எடுத்து ஒளித்துவைத்ததுபோல்தான் பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பழைய பயணியின் கோப்பைத் திறந்தார்களா என்று மாதாமாதம் போய்க் கேட்டாள். நாலாம் மாதம், அவருக்கு மன்னிப்புக் கடிதம் போய்விட்டது என்றார்கள். கடிதத்தைக் காட்டச் சொன்னாள். காட்டியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள்.

கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். டிராலியைக் காப்பாற்றப் பார்த்துக் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டாள் என்று ஒரு கட்சி. அவனை வேண்டுமென்றே மாட்டிவிட்டாள் என்று இன்னொரு கட்சி. மூக்கு போனதை இரண்டு கட்சியும் நம்பவில்லை. மருத்துவருக்கு எவ்வளவு வேண்டியவளோ என்று பேசிக்கொண்டார்கள். புதுசு மட்டும் நம்பினாள். ஆனால் அந்தப் பெண் வேறு ஊர்ப் பயணங்களுக்கு மாறிப் போய்விட்டாள்.

ஒருநாள் மதியம் ஊழியர் உணவகத்துக்குப் பின்னால், திறந்தவெளியில் போட்டிருந்த மேசையில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே பெட்டி ஏற்றும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் அவளுடைய தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான், உடனே தட்டைப் பார்த்தான். மற்றவனுக்கு உதட்டோரம் சிரிப்பு துடித்தது. அவள் திரும்பவில்லை. ஒரு வாய் சோற்றை எடுத்து மென்று விழுங்கினாள்.

"பின்னாடி நிக்கிறவன் சிகரெட்டை அணைச்சிட்டு வேலையைப் பாருப்பா. கை சுட்டுக்கப் போற" என்றாள்.

பின்னால் ஒரு செருப்பு அவசரமாகத் தரையில் தேய்ந்தது. எதிரே இருந்தவன் அடுத்தவனின் விலாவில் இடித்து, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான்.

உங்கள் மூஞ்சிதான் காட்டிக் கொடுத்தது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னாலும் நம்பப் போவதில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுடைய அலுவலக மேசையில் காலையிலிருந்தே ஒருவர் காணாமல் போன நீலப் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.